முன்பணம் திருப்பித் தரப்படாது

ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பத்தியில்
பொடி எழுத்தில் இருந்தது அது.
கையெழுத்துப் போட்ட அன்று
நானும் கர்ட்டும் சிரித்தோம்,
யாருக்கு வேண்டும் திரும்ப என்று.

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கையில்
ஏதோ ஒரு லாரி நிறுத்தத்திலிருந்து போன் செய்தான்.
பின்னால் எஞ்சின் இரைச்சல்.
பாதிதான் கேட்டது.
பாதியே போதுமாக இருந்தது.

மெக்கீஸ் ராக்ஸ் தீயணைப்பு நிலையத்து மாடி மண்டபம்.
நூற்று நாற்பது நாற்காலி.
கோழி, உருளைக்கிழங்கு,
முட்டைக்கோஸில் பொதிந்த இறைச்சி,
எல்லாவற்றுக்கும் பணம் கட்டியாயிற்று.
அத்தைகள் ஆறு பேரும்
செப்டம்பரிலிருந்தே குக்கீ சுட்டு
டப்பா டப்பாவாக அடுக்கியிருந்தார்கள்.
எங்கள் பிட்ஸ்பர்க் பக்கம்
கேக் இல்லாமல்கூடக் கல்யாணம் நடக்கும்,
குக்கீ மேசை இல்லாமல் நடக்காது.
"ஆயிரத்து எண்ணூறு குக்கீயை
நான் என்னடி செய்ய?" என்றாள் பெர்னடின் அத்தை.
அவன் எங்கே என்று கேட்காத ஒரே ஆள் அவள்தான்.

தருமம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.
கோபம்.
குப்பைத்தொட்டிக்கு விருந்து வைக்கவா
இரண்டு வருஷம் சேர்த்தேன் என்று கத்தினேன்.
அதைத்தான் பிறகு
பெரிய மனசு என்றார்கள்.

இரவுக் காப்பகத்து ஒடெலுக்குப் போன் செய்தேன்.
எத்தனை பேர் வருவார்கள்?
"இந்த ஊரில் எத்தனை பாலம், தெரியுமா?" என்றாள்.

நவம்பர், சனிக்கிழமை, மாலை ஐந்து.
மூன்று வேன்கள்.
பந்திக்கு முந்துகிற ஆட்கள் இல்லை,
வரிசையில் நின்றே பழகியவர்கள்.
மேசைகளிலிருந்து பெயரட்டைகளை
எடுக்க மறந்திருந்தேன்.
வந்தவர்கள் ஒவ்வொரு மேசையாகக் குனிந்து
அவரவர் பெயரைத் தேடினார்கள்.

தாடியில் பனி கரைய ஒருவர்
ஓர் அட்டையை எடுத்துச் சத்தமாக வாசித்தார்:
"டாக்டர் லெலண்ட் விட்மர்."
கர்ட்டின் தாய்மாமன். பல் மருத்துவர்.
"ஆகட்டும், இன்றைக்கு நான் டாக்டர்"
என்று உட்கார்ந்தார்.
அதன் பிறகு எல்லோருக்கும் இடம் கிடைத்தது.
ஏழாம் மேசையில் ஒரே பெயருக்கு
இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள்.
ஒருவன் கோழியைத் தள்ளிவிட்டு
பல்லே இல்லை எனக்கு என்று கூச்சல் போட்டான்.
டாக்டர் விட்மர் தன் உருளைக்கிழங்கை
அவன் தட்டுக்கு மாற்றினார்.
அவரால் முடிந்த வைத்தியம்.

மாப்பிள்ளை நாற்காலியில் ஒரு பெண்.
கோட்டைக் கழற்றவில்லை.
ஒரு கை முள்கரண்டியில்,
மறு கை மடியில் இருந்த பையின் வாரில்.
"நீதான் கல்யாணப் பொண்ணா?"
ஆமாம் என்றேன்.
"அவன் எங்கேயாவது சாப்பிட்டானா?"
பதினோரு நாளில்
எனக்கு ஒருமுறைகூடத் தோன்றாத கேள்வி.
தெரியாது என்று சொல்லிவிட்டு
சமையலறைக்குள் போய்
கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தேன்.

டீஜேக்கும் பணம் கட்டியிருந்தது.
போல்கா போட்டான்.
ஈரக் காலுறையோடு யார் ஆடுவார்கள்?
பெர்னடின் அத்தை மட்டும்
எவரோ ஒருவரை இழுத்துக்கொண்டு
இரண்டு சுற்று சுற்றினாள்.

பத்து மணிக்கு
குக்கீயைக் காகிதப் பெட்டிகளில் போட்டுக் கொடுத்தோம்.
வேன்கள் கிளம்பின.
கூட்டிப் பெருக்கும்போது பார்த்தேன்,
வாசலோரம் மொய்ப்பெட்டி.
வெள்ளை சாட்டின் போர்த்தி, மேலே ஒரு பிளவோடு.
அதையும் எடுக்க மறந்திருந்தேன்.
தூக்கினேன்.
உள்ளே ஏதோ உருண்டது.

கால் டாலர் காசு மூன்று.
ஒரு பஸ் அட்டை, இன்னும் ஒரு பயணம் மிச்சம்.
ஓட்டல் பற்பசை, குட்டியாக.
பித்தளைப் பொத்தான்.
எங்கள் இருவர் பெயரும் அச்சடித்த டிஷ்யூவில் சுற்றி
ஒரு வால்நட் குக்கீ.
எங்கள் வீட்டுக் குக்கீதான்.
விட்மர் அட்டை,
பின்னால் பென்சிலில்: "சௌக்கியமாக இருங்கள்."

வாங்கிய மொய் கடன்.
மறுநாள், தபால்தலை ஒட்டித் தயாராக இருந்த
நூற்று நாற்பது நன்றி அட்டைகளை
எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
நோட்டில் கோடு போட்டேன்:
பெயர், பொருள், முகவரி.

நடுக் கட்டம் மட்டும் நிரம்பியது.